பெரட்டுக் களத்தில் வாயைப் பாருங்கள்

ஊவாத் தேயிலைத் தோட்டங்களில் புற்றுநோய் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் முதலில் கைகாட்டுவது களைநாசினியைத்தான். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. உலக சுகாதார ஸ்தாபனத்தின் அங்கமாகப் பிரான்சின் லியோன் நகரில் இயங்கும் சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகவர் நிலையம், 2015 மார்ச்சில் கிளைபோசேட்டை ‘மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்பு அதிகம்’ என்ற 2ஏ பிரிவில் வைத்தது. அதே ஆண்டு இலங்கை அதன் இறக்குமதியை நிறுத்தியது. வறண்ட வலயத்துச் சிறுநீரக நோய் பற்றிய அச்சம்தான் அதற்கு முதற்காரணம். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் கதவு திறந்தது. 2021இல் எல்லா விவசாய இரசாயனங்களுக்கும் தடை வந்தபோது மூடியது, 2022இல் மறுபடி திறந்தது. இந்த ஏழாண்டில் நாடாளுமன்றம், கம்பனிகள், பேராசிரியர்கள், தொழிற்சங்கங்கள் என்று யாரும் அந்த ஒரு மருந்தைப் பற்றிப் பேசாமல் விடவில்லை. ஆனால் அதே லியோன் நிறுவனம் ‘வாய்ப்பு’, ‘கூடும்’ என்ற தயக்கச் சொல் எதுவுமின்றி, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று 1985இலேயே தீர்த்துச் சொன்ன பொருள் ஒன்று பசறையிலும் மடுல்சீமையிலும் அப்புத்தளையிலும் காலைப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் கூட்டத்துக்கு, வருபவர்களின் மடியில் நாள்தோறும் இருக்கிறது. புகையிலை வைத்த வெற்றிலை. அதைப் பற்றிப் பேச வேண்டி வந்தால் மட்டும் ‘அது அவர்களுடைய பழக்கம்’ என்று ஒரே வரியில் பேச்சு முடிந்துவிடுகிறது.

அந்த ஒரு வரியை ஏற்க முடியாது என்பதே என் வாதம். மலையில் வெற்றிலை மெல்லப்படுவதற்கும் மலையில் வேலை வாங்கப்படும் முறைக்கும் நேரான தொடர்பு இருக்கிறது. ஆகவே தோட்டத்து வாய்ப்புற்றுநோயைத் தனிமனிதக் கெட்ட பழக்கத்தின் கணக்கில் எழுதாமல், தொழில்சார் சுகாதாரத்தின் கணக்கில் எழுத வேண்டும். அப்படி எழுதினால் யார் பரிசோதிப்பது, யார் செலவழிப்பது, அன்றைய சம்பளத்தை யார் கொடுப்பது என்ற கேள்விகளுக்குத் தானாகவே வேறு விடை வரும்.

முதலில் அந்தப் பிரிவுகள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை என்பது தெளிவாக வேண்டும். முதலாம் பிரிவு என்றால், ஒரு பொருள் மனிதரில் புற்றுநோய் உண்டாக்குகிறது என்பதற்குப் போதிய சான்று இருக்கிறது என்று பொருள். 2ஏ என்றால் சான்று வலுவாக உண்டு, ஆனால் முடிவாகவில்லை. இரண்டுமே சான்றின் உறுதியைத்தான் அளக்கின்றன. ஆபத்தின் அளவை அளப்பதில்லை. பதப்படுத்திய இறைச்சி 2015இல் முதலாம் பிரிவுக்குள் வந்தது. அதற்காக ஒரு துண்டு சொசேஜஸும் ஒரு சிகரெட்டும் சமமாகிவிடவில்லை. எவ்வளவு, எத்தனை ஆண்டு, உடம்பின் எந்த இடத்தில் படுகிறது என்பதெல்லாம் தனியாகக் கேட்க வேண்டிய கேள்விகள். தோட்டத்து வெற்றிலையை வைத்து அவற்றைக் கேட்டுப் பார்த்தால் மூன்றுக்கும் வரும் விடை நல்லதாக இல்லை. ஒரு நாளில் பல தடவை, பதின்ம வயதிலிருந்து முதுமை வரை, கன்னத்தின் உட்புறத்தில் ஒரே இடத்தில் மணிக்கணக்காக அடக்கி வைக்கப்படுகிறது. சிலர் அதை அடக்கிக்கொண்டே தூங்கியும் விடுகிறார்கள். எத்தனை தடவை, எத்தனை ஆண்டு என்ற கணக்கு கூடக்கூடப் புற்றுநோயும் கூடுவதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

வாய்க்குள் நடப்பது ஓரளவு தெரிந்த விஷயந்தான். புகையிலையில் நைட்ரோசமைன்கள் என்ற சேர்மங்கள் இருக்கின்றன. அவற்றில் இரண்டு தனித்தனியாகவே முதலாம் பிரிவில் உள்ளவை. பாக்கில் உள்ள அரிகோலின் என்ற காரப்பொருள், வாயின் உட்தோலுக்குக் கீழே நார் இழையைப் படியவைக்கிறது. வருடங்கள் போகப்போகக் கன்னம் விறைக்கிறது, காரம் பட்டால் எரிகிறது, வாய் முழுதாகத் திறக்க மறுக்கிறது. இதை வைத்தியர்கள் வாய்ச் சளிச்சவ்வடி நாரேற்றம் என்பார்கள். பாக்கை நிறுத்தினாலும் இந்த விறைப்பு பெரும்பாலும் திரும்பிப் போவதில்லை, இவர்களில் ஒரு பகுதியினருக்குப் பின்னால் புற்றுநோய் வருகிறது. சுண்ணாம்பு உமிழ்நீரைக் காரமாக்கி, பாக்கிலும் புகையிலையிலும் இருப்பதை வேகமாக வெளிக்கொணர்ந்து, உட்தோலைப் புண்ணாக்கிக் கொடுக்கிறது. இந்தக் கூட்டத்தில் அதிகம் குற்றம் செய்யாதது, பெயரைச் சுமந்து நிற்கும் வெற்றிலைதான்.

புகையிலை இல்லாமல் போட்டால் பரவாயில்லை என்று நம்புகிறவர்கள் ஏராளம். பிள்ளைகளுக்குப் பாக்கைக் கொடுக்கும்போதும் அந்த நம்பிக்கைதான் கை கொடுக்கிறது. 2003இல் லியோனில் கூடிய நிபுணர் குழு இதைத் தனியாக ஆராய்ந்தது. தாய்வானில் பெரும்பாலோர் புகையிலை சேர்க்காமலே பாக்கு மெல்கிறார்கள். அங்கும் வாய்ப்புற்றுநோய் மலிந்திருந்தது. புகையிலை இல்லாத வெற்றிலைக் கூறும், பாக்கும் அதன் பிறகு முதலாம் பிரிவுக்குள் வந்தன. புகையிலையை விட்டால் ஆபத்துக் குறையும் என்பது உண்மை. அது போய்விடும் என்பது உண்மையல்ல.

இது புதுச் செய்தியும் அல்ல. அன்று திருவிதாங்கூரில் இருந்த, இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நெய்யூரில் மிஷன் ஆஸ்பத்திரி நடத்திய பென்டால் என்ற வைத்தியர், 1908இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் 1,700 புற்றுநோயாளர் பற்றி எழுதினார். அதே நெய்யூரிலிருந்து ‘ஓர்’ (Orr) என்ற வைத்தியர் 1933இல் லான்செட் இதழில் வெற்றிலை மெல்வோரின் வாய்ப்புற்றுநோயைப் பற்றி எழுதினார். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் வந்து இறங்கிக்கொண்டிருந்த அதே காலத்தில், அந்த ஆட்கள் புறப்பட்டு வந்த தென்னாட்டின் ஓர் ஆஸ்பத்திரியில் இந்த நோய் எழுத்தில் பதிந்துவிட்டது. தெரியாமல் போனது என்று யாரும் சொல்ல இடமில்லை.

நாட்டுக் கணக்கும் இதையே சொல்கிறது. இலங்கை ஆண்களிடையே காணப்படும் புற்றுநோய்களில் வாயும் உதடும் நாக்கும் சார்ந்தவை நெடுங்காலமாக முதலிடத்தில் இருந்து வந்திருக்கின்றன. 2024இல் லான்செட் ஒன்கொலொஜி வெளியிட்ட உலகக் கணிப்பின்படி, 2022இல் உலகெங்கும் கண்டறியப்பட்ட ஏறக்குறைய 3,90,000 வாய்ப்புற்றுநோய்களில் 1,20,000 அளவில் மெல்லும் புகையிலையாலும் பாக்காலும் வந்தவை. இந்தியா ஒன்றிலேயே 83,000. இலங்கையின் பங்கு சுமார் 1,300. ஓராண்டில், தடுத்திருக்கக்கூடிய 1,300 வாய்கள். இவற்றில் தோட்டங்களின் பங்கு மக்கள்தொகைக்கு மேற்பட்டதாகவே இருக்கும் என்று நம்பக் காரணம் உண்டு. நாட்டின் மற்றப் பகுதிகளில் வெற்றிலை மெல்வது பெரும்பாலும் ஆண்களின், முதியவர்களின் பழக்கமாகச் சுருங்கிவிட்டது. தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் நடுவயதுப் பெண்களும் மெல்கிறார்கள்.

ஏன் என்ற கேள்விக்கு வருவோம். காலையில் பெரட்டு. அதன் பிறகு மலை ஏற்றம். பனி விலகாத நேரத்தில் நனைந்த செடிகளுக்குள் இடுப்புவரை இறங்கி நிற்க வேண்டும். நிர்ணயித்த கிலோ வந்தால்தான் முழுப் ‘பேர்’, அதாவது முழு நாட்சம்பளம்; குறைந்தால் அரைப் பேர். பகல் சாப்பாட்டுக்கு லயத்து வீட்டுக்கு இறங்கி ஏறும் தூரமும் அந்தக் கிலோவுக்குள் அடங்கும். கழிப்பறை இல்லாத மலைகளில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். இந்த நேரத்தில் வெற்றிலை என்ன செய்கிறது? அரிகோலினும் நிகொட்டினும் பசியை மட்டுப்படுத்துகின்றன, உடம்பில் சூடு ஏறியது போன்ற உணர்வைத் தருகின்றன, தூக்கத்தைத் தள்ளுகின்றன, கைவேகத்தைத் தாங்க வைக்கின்றன. புகையிலை, மதுசாரம், கோப்பி-தேநீர் வகையறாவுக்கு அடுத்தபடியாக உலகில் அதிகம் பயன்படும் மனநிலையை மாற்றும் பொருள் பாக்குதான் என்று சொல்லப்படுவது சும்மா அல்ல. குளிரிலும் பசியிலும் இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது, நிற்கவோ பற்றவைக்கவோ தேவையில்லாமல் வாய்க்குள்ளேயே கிடந்து வேலை செய்யும் ஒரே ஊக்கி இது. உணவை விட மலிவும் கூட. 2016இன் குடித்தொகை சுகாதார அளவீட்டில், வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாட்டில் 17 சதவீதமாக இருக்கையில் தோட்டத்துறையில் 32 சதவீதத்தை ஒட்டி நின்றார்கள். பிள்ளை அப்படியானால் அந்தப் பிள்ளையின் தாய் எத்தனை வேளை நிறையச் சாப்பிட்டு மலையேறுகிறாள் என்று ஊகிக்கலாம். கம்பனி கேட்கும் கிலோவுக்கும் தொழிலாளி சாப்பிடும் சாப்பாட்டுக்கும் நடுவே உள்ள பள்ளத்தை வெற்றிலைதான் இத்தனை காலம் நிரப்பி வந்திருக்கிறது. அதன் பலன் கொழுந்து மடுவத்துத் தராசில் ஏறியது, அதன் விலை மட்டும் தொழிலாளியின் கன்னத்தில் விழுந்தது.

இதற்கு எதிராக வரும் வாதங்களில் வலுவானது இடதுசாரிப் பக்கமிருந்து வருவது. மருந்தடிப்பு, லயத்து அடுப்புப் புகை, அஸ்பெஸ்டஸ் கூரை என்று முதலாளியும் அரசும் பதில் சொல்ல வேண்டியவை இத்தனை இருக்கையில் தொழிலாளியின் வாயைச் சுட்டுவது, பழியைப் பாதிக்கப்பட்டவர் மேலேயே சுமத்தும் தந்திரம் என்பார்கள். அஸ்பெஸ்டஸ் முதலாம் பிரிவில் உள்ளது; விறகுப் புகை 2ஏயில் உள்ளது; மருந்தடிப்பவருக்குக் கையுறையும் முகமூடியும் கொடுக்காத தோட்டத்தை யாரும் ஆதரிக்க முடியாது. இவை எல்லாவற்றையும் கேட்க வேண்டும். ஆனால் ‘பழி சுமத்துவார்கள்’ என்ற பயத்தில் வெற்றிலையைப் பேசாமல் விட்டதால் யாருக்கு இலாபம்? கம்பனிக்குத்தான். பழக்கம் என்று பெயர் வைத்துவிட்டால் அதற்குக் கம்பனி ஒரு சதமும் செலவழிக்கத் தேவையில்லை. தொழிற்சங்கம் அதைத் தொழில் பிரச்சினை என்று மேசைக்குக் கொண்டுவந்தால்தான் செலவு யாருடையது என்ற பேச்சே தொடங்கும். 1934இன் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தில் வாய்ப்புற்றுநோய்க்கு வழக்குப் போடச் சொல்லவில்லை; இந்தக் காரண காரியத்தை அந்தச் சட்டத்தின் அளவுகோலில் நிறுவுவது கடினம். கேட்பது நட்டஈட்டுக்கு முந்திய கட்டம்: கண்டுபிடிப்பதும் தடுப்பதும்.

அடுத்த வாதம் பண்பாடு. பரிசம் போடுவதிலிருந்து சாமிக்குப் படைப்பது வரை வெற்றிலை பாக்கு இல்லாமல் மலையகத்தில் ஒரு காரியம் நடக்காது, அதில் கை வைக்காதீர்கள் என்பார்கள். யாரும் கை வைக்கவில்லை. தாம்பாளத்தில் வைக்கும் வெற்றிலை கன்னத்தில் அடக்கும் வெற்றிலையாக வேண்டும் என்று எந்தச் சாமியும் கேட்கவில்லை. மரியாதைக்கு எடுத்துக் கொடுக்கும் தாம்பூலம் வேறு, பசிக்கு நாள் முழுதும் மெல்லும் கூறு வேறு. முன்னையது சடங்கு, பின்னையது வேலை நேரத்து மருந்து. இரண்டாவதைக் காப்பாற்ற முதலாவதன் பெயரைப் பயன்படுத்துவதுதான் பண்பாட்டுக்குச் செய்யும் அவமரியாதை. இன்னொரு பேச்சும் உண்டு: எங்கள் அப்பாயி தொண்ணூறு வயது வரை போயிலை போட்டார், ஒன்றும் ஆகவில்லை. உண்மையாகவே இருக்கலாம். மெல்லும் எல்லோருக்கும் புற்றுநோய் வருவதில்லை. மெல்பவர்களுக்கு மெல்லாதவர்களைவிடப் பல மடங்கு வருகிறது, அவ்வளவுதான் சான்று சொல்வது. தொண்ணூறு வரை இருந்த அப்பாயியைப் பற்றி ஊரே பேசும். ஐம்பதில் தாடையை எடுத்துவிட்டு வாய் திறக்க முடியாமல் லயத்து மூலையில் கிடந்து போனவரைப் பற்றி அப்படிப் பேசிக்கொள்வதில்லை.

தனிமனித சுதந்திரம் என்பாரும் உண்டு. வளர்ந்தவர் தன் வாயில் எதைப் போடுவது என்பது அவருடைய பாடு என்பது பொதுவாகச் சரி. ஆனால் சுதந்திரமாகத் தெரிவு செய்பவருக்கு முதலில் தகவல் தெரிந்திருக்க வேண்டும். சிகரெட் பெட்டியின் முன்னும் பின்னும் 80 சதவீதம் எச்சரிக்கைப் படம் போட வேண்டும் என்று 2015 முதல் இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது. நகரத்து ஆண் புகைக்கும் பெட்டியில் அழுகிய நுரையீரல் தெரிகிறது. தோட்டத்துப் பெண் வாங்கும் வெற்றிலைக் கூறு பழைய தாளில் சுற்றி வருகிறது. அதில் எழுத்தும் இல்லை, படமும் இல்லை. 2006இன் தேசிய புகையிலை மற்றும் மதுசார அதிகாரசபைச் சட்டம், 21 வயதுக்குட்பட்டவருக்குப் புகையிலைப் பொருள் விற்பதைத் தடை செய்கிறது. வெற்றிலைக் கடையில் வயது கேட்கும் வழக்கம் எங்கே இருக்கிறது? 2016 செப்டெம்பரில் வர்த்தமானி அறிவித்தல் மூலம் பொட்டலங்களில் வரும் மெல்லும் புகையிலைக் கலவைகளுக்குத் தடை வந்தது. பாபுல், மாவா என்று பள்ளிக்கூட வாசல்வரை வந்த சாமான்களைப் பொலிஸார் அவ்வப்போது பிடித்துச் செய்தி வருகிறது. அது தேவையானது. ஆனால் பளபளக்கும் பொட்டலத்தைப் பிடிக்கும் சட்டத்தின் கண்ணுக்கு, கடை வாசலில் தட்டில் அடுக்கிய கூறும் பக்கத்தில் தொங்கும் புகையிலையும் இன்னும் தெரியவில்லை.

தடை மட்டும் இதைத் தீர்க்கும் என்று நான் நினைக்கவில்லை. பசியும் கிலோக் கணக்கும் அப்படியே இருக்க வெற்றிலையை மட்டும் பிடுங்கினால் கள்ளமாக வரும், அல்லது வேறொன்று வரும். ஆண்களிடம் ஏற்கனவே வந்திருக்கிறது: மாலையில் கசிப்பு அல்லது சாராயம். மதுசாரமும் முதலாம் பிரிவில் உள்ள பொருள். புகையிலையோடு சேரும்போது வாய், தொண்டைப் புற்றுநோய்க்கு இரண்டும் ஒன்றையொன்று பெருக்கிவிடுகின்றன. ஆகவே தடையை விட முதலில் வேண்டியது வாயைப் பார்ப்பது. இந்த நோய்க்கு ஒரு சலுகை இருக்கிறது. ஈரலிலோ கணையத்திலோ வரும் புற்றுநோயைப் போல் இது ஒளிந்து வளர்வதில்லை. பெரும்பாலும் வெள்ளைத் திட்டாகவோ சிவந்த திட்டாகவோ ஆண்டுக்கணக்கில் கண்ணுக்குத் தெரிந்தபடி இருந்துவிட்டுத்தான் புற்றுநோயாகிறது. ஒரு டோர்ச் லைட்டும் ஐந்து நிமிடமும் போதும். ஸ்கேன் இயந்திரம் வேண்டாம்.

இதை இலங்கையே உலகுக்குக் காட்டிக் கொடுத்தது. வைத்தியர் சமன் வர்ணகுலசூரியவும் அவரோடு இருந்தவர்களும் 1984இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் சஞ்சிகையில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வைத்தியர்கள் அல்லாத ஆரம்ப சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, வழமையான வேலையோடு வேலையாக வாயைப் பார்க்கச் சொன்னார்கள். ஓராண்டில் 28,000க்கும் மேற்பட்டோர் பரிசோதிக்கப்பட்டார்கள். சந்தேகம் என்று பணியாளர்கள் குறித்ததில் பெரும்பாலானவை பின்னர் சரியென்றே உறுதியாயின. அந்த ஆய்வில் ஒரே ஓட்டை: மேல்பரிசோதனைக்குப் போகச் சொல்லப்பட்டவர்களில் பாதிக்குச் சற்று அதிகமானோர்தான் போனார்கள். கேரளத்தின் திருவனந்தபுரத்தில் 1996இல் தொடங்கிய பெரிய ஆய்வு, அடுத்த கேள்விக்கும் பதில் சொன்னது. பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று வாயைப் பார்த்த ஊர்களில், புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்றுநோய் மரணம் 34 சதவீதம் குறைந்தது என்று 2005இல் லான்செட்டில் வெளியானது. மொத்த மக்கள்தொகையை எடுத்தால் பலன் அவ்வளவு உறுதியாகத் தெரியவில்லை என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. ஆக எல்லோருடைய வாயையும் பார்க்கத் தேவையில்லை. மெல்பவர்களின் வாயைப் பார்த்தால் உயிர் மிஞ்சும். மெல்பவர்கள் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், பெயர் கூப்பிட்டுக் கூடி நிற்கும் இடம் இலங்கையில் ஒன்று உண்டென்றால் அது தோட்டத்துப் பெரட்டுக் களம்தான்.

1984இன் ஆய்வில் பாதிப்பேர் ஏன் போகவில்லை என்பதைத் தோட்டத்தில் வைத்துப் பார்த்தால் விளங்குவது கடினமல்ல. லுணுகலை மலையிலிருந்தோ பூனாகலையிலிருந்தோ பதுளை பெரியாஸ்பத்திரிக்குப் போய்வர ஒரு நாள் போகும். அந்த நாளுக்குப் பேர் இல்லை. 2021இல் 1,000 ரூபாயாகவும் 2024இல் 1,350 ரூபாயாகவும் போராடி உயர்த்திய நாட்சம்பளத்தில் ஒன்று போய்விடும். பஸ் காசு, சாப்பாடு தனி. அங்கே திசுப் பரிசோதனைக்கு ஒரு நாள், முடிவுக்கு இன்னொரு நாள். மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் கொழும்புவரை பயணமும் கூடவே ஒருவரும். வலிக்காத ஒரு வெள்ளைத் திட்டுக்காக யார் இத்தனை பேரை இழப்பார்கள்? வலிக்கத் தொடங்கிய பிறகு போகிறார்கள். அப்போது சிறு அறுவையில் முடிந்திருக்க வேண்டியது தாடை எலும்பையும் கழுத்துக் கட்டியையும் எடுக்கும் வேலையாகிவிடுகிறது. அறியாமை என்று இதற்குப் பெயர் வைக்கிறோம். சம்பளக் கணக்கு என்று வைப்பது பொருத்தம்.

செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. ஆண்டுக்கு ஒரு தடவை பெரட்டு நேரத்தில் வாய்ப் பரிசோதனை, அந்த நேரம் வேலை நேரமாகவே கணக்கு. சந்தேகம் குறிக்கப்பட்டவர் ஆஸ்பத்திரி சீட்டோடு திரும்பினால் அன்றைக்கு முழுப் பேர். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் பல் வைத்தியரும் குடும்பநல உத்தியோகத்தரும் தோட்டத்து வைத்திய உதவியாளரும் சேர்ந்தால் ஆளுக்குக் குறைவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரி அரசுடையதா கம்பனியுடையதா என்ற முப்பதாண்டு இழுபறியில் இதுவும் விழுந்துவிடாமலிருக்க, ‘ட்ரஸ்ட்’ என்று எல்லோரும் சொல்லும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் பொறுப்பேற்கலாம். 1992இலிருந்து அது இருப்பதே தோட்ட மக்களின் நலத்துக்காகத்தான். மலையில் பத்து மணிக்கு ஒரு கோப்பைத் தேநீரும் ஒரு ரொட்டியும் கொடுக்கும் தோட்டம், எந்தப் பிரசாரத் துண்டுப்பிரசுரத்தையும் விட அதிக வெற்றிலையைக் குறைக்கும் என்பது என் நம்பிக்கை. கம்பனிகள் நட்டம் என்பார்கள். வருடத்தில் சில மணி நேரமும், சில பத்துப் பேருக்கு இரண்டொரு பேரும் ஒரு தோட்டத்தை நட்டத்தில் தள்ளும் என்றால், அந்தத் தோட்டத்தின் கணக்குப் புத்தகத்தில் வேறு ஏதோ கோளாறு இருக்கிறது.

முடியாது என்பவர்கள் தாய்வானைப் பார்க்கலாம். பாக்கு மரம் வளர்ப்பது அங்கே பெரிய வருமானம், மெல்வது சாரதிகளினதும் கட்டட வேலையாட்களினதும் நாளாந்தத் துணை. காரணமும் நம்முடையதே, நீண்ட வேலை நேரம். அரசு மெல்பவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் இலவச வாய்ப் பரிசோதனை ஏற்படுத்தியது, மரத்தை வெட்டி வேறு பயிர் வைப்பவர்களுக்கு உதவித்தொகை கொடுத்தது. 2007இல் ஆண்களில் 17 சதவீதமாக இருந்த மெல்லும் பழக்கம் 2018இல் 6 சதவீதத்துக்கு வந்தது. விட்டால் பயனுண்டா என்ற சந்தேகத்துக்கும் பதில் வந்துவிட்டது: வெற்றிலையும் பாக்கும் மெல்வதை நிறுத்தினால் வாய்ப்புற்றுநோய் ஆபத்துக் குறைகிறது என்று லியோன் நிறுவனம் 2023இல் வெளியிட்ட கைநூல் முடிவு சொல்கிறது. நாற்பது வயதில் விட்டாலும் பலன் உண்டு.

அடுத்த சம்பளப் பேச்சுக்குப் போகும் தொழிற்சங்கத் தலைவர்கள் ரூபாய்க் கணக்கோடு இந்த ஒன்றையும் கோரிக்கைப் பட்டியலில் எழுத வேண்டும்: வாய்ப் பரிசோதனை நாளுக்கும் ஆஸ்பத்திரி நாளுக்கும் முழுப் பேர். அதுவரை, இதைப் படிப்பவர் வீட்டில் மெல்பவர் ஒருவர் இருந்தால், அவருடைய வாயை வெளிச்சத்தில் ஒரு தடவை பாருங்கள். மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக நிமிர்த்தி நுழைக்குமளவுக்கு வாய் திறக்காவிட்டாலோ, வெள்ளையோ சிவப்போ திட்டு இருந்தாலோ, இரண்டு வாரத்தில் ஆறாத புண் இருந்தாலோ, காரம் பட்டு எரிந்தாலோ காத்திருக்க வேண்டாம். பதுளையிலும் தியத்தலாவையிலும் வெலிமடையிலும் அரசாங்க வைத்தியசாலைகளின் பல் பிரிவில் இதைப் பார்ப்பதற்குக் காசு வாங்குவதில்லை.